பானிபூரியை உடைத்துத் தின்ற மேஸ்திரி

அடுத்தவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து மாதச் சம்பளம் வாங்குகிற ஜென்மம் நான். ஒரு அறக்கட்டளையின் புற்றுநோய்ப் பரிசோதனைக் குழுவில் செவிலியர். சோழவரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள காலனிகளும் என் எல்லை. ஆண்களுக்கு வாய் பார்ப்பேன், பெண்களுக்கு வாயும் மார்பும். எல்லாம் இலவசம். இலவசம் என்று சொன்னதுமே ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"ஒண்ணும் வாணாம், போம்மா" என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, கணக்கெடுக்க வரும் வாத்தியார்களே, வாட்டர் ஃபில்டர் விற்கும் தம்பிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். உங்களுக்காவது கதவைத் திறந்தால் போதும். நான் கதவையும் திறக்கச் சொல்லி, அதற்குப் பிறகு வாயையும் திறக்கச் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலால் எனக்கு ஒரு கோளாறும் வந்துவிட்டது. முகம் ஞாபகம் இருக்காது, வாய்தான் இருக்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பேன். அவர் சிரித்தால், ஓ, முன்பல் ஒடிந்தவர் என்று உடனே புரிந்துவிடும்.

மூடுவதற்கு மருந்து

டில்லிபாபுவை முதலில் பார்த்தது அவர் வீட்டில்தான். ஓர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அவர் மேஸ்திரி. நாளைக்கு யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர் தலையசைப்பில் இருக்கிறது. நான் போனபோது ஒரு கன்னத்தில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு டி.வி.யில் கிரிக்கெட் அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, வாயைக் கொஞ்சம் திறங்க" என்றேன். "எனுக்கு இன்னா கேடு? நான் இரும்பைத் தின்னா இரும்பே செரிக்கும்" என்று ஆரம்பித்தவர், ஆஸ்பத்திரிகள், டாக்டர்கள், இலவசம் கொடுப்பவர்கள் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். இத்தனையும் பேசினாரே தவிர, எனக்காக வாயைத் திறக்கவில்லை.

அவர் மனைவி தேவகி சமையலறையிலிருந்து வந்து, சமர்த்தாக உட்கார்ந்து, வாயைக் காட்டினார். சுத்தமான வாய். நான் டார்ச்சை அணைத்ததும் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அந்த வாயத் தொறக்கறதுக்கா இம்மா தூரம் பஸ் ஏறி வந்த? மூடறதுக்கு எதுனா மருந்து கீதா சிஸ்டர்?"

பக்கத்து ஊட்டம்மா

அதே ஆலையின் வாசலில் மேஜை போட்டு, பெண்களுக்காகப் பச்சைத் திரை கட்டி உட்கார்ந்தோம். வெள்ளை ஹெல்மெட்காரர்கள் வந்தார்கள். அவர்கள் நிரந்தர ஊழியர்கள். வருஷா வருஷம் கம்பெனி செலவில் முழு உடம்பும் பரிசோதிக்கப்படுகிறவர்கள், வேடிக்கை பார்க்க வந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் ஒன்றுகூட வரவில்லை. மஞ்சள் போடுகிற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இருந்தது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியிடமும் வர அவர்களால் முடியவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் குட்டியம்மா வந்தாள். ஆலைக்குள் இரும்புத்தூள் கூட்டி அள்ளுகிறவள். திரைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "எங்க பக்கத்து ஊட்டம்மாக்கு மார்ல கட்டி மாரி கீதாம் சிஸ்டர். வலியே இல்லியாம். அது இன்னாவா இருக்கும்?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கை அவளுடைய இடதுபக்கத்தையே அழுத்திக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் எல்லா நோயும் பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான் வரும். பெரும்பாலான கட்டிகள் ஆபத்தில்லாதவை, ஆனால் வலியில்லை என்பதற்காக விட்டுவிடக்கூடாது, சீக்கிரம் பார்த்தால் சின்ன வைத்தியத்தோடு போகும் என்று சொல்லி, திரையை விலக்கி உள்ளே கூப்பிட்டேன். அவள் ரெண்டடி பின்னால் போனாள்.

"சீக்குன்னு தெரிஞ்சா மேஸ்திரி நாளிக்கி என்னிய கேட்டுலயே நிறுத்திடுவாரு. தெரியாத வரிக்கும் நான் நல்லாத்தான் கீறேன் சிஸ்டர்."

நான் என்னை அறியாமல் பக்கத்து ஊட்டம்மாவைப் பற்றித்தானே பேசினோம் என்று கேட்கப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள். போகும்போது திரும்பி ஒன்று சொன்னாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடறேன். அதுக்குத்தான் லீவு கெடைக்காது."

ஒரே வாய், பல ஹெல்மெட்

மஞ்சள் ஹெல்மெட் வரவில்லை என்பது ஆலை மேனேஜர் காதுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், போட்டோவும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. டில்லிபாபுவுக்கு ஆளை உலைப் பக்கத்திலிருந்து நகர்த்த மனசில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் வந்தவர் ஏழுமலை. அருமையான வாய். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும், கூட்டமான ரயிலில் படிக்கட்டில் தொங்குகிற ஆள் மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அடுத்து பிரகாஷ் என்று ஒருவர். அதே பல் தொங்கியது. அடுத்து வந்த ஜோசப் கறுப்புக் கண்ணாடி போட்டு, மூக்குக்கு மேல் கர்ச்சீப் கட்டி, வேறு ஹெல்மெட் வைத்திருந்தார். வாயைத் திறந்தார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு, "ஏழுமலை, கண்ணாடிய கழட்டுப்பா, பல்லுக்கு மாறுவேஷம் போட மறந்துட்டியே" என்றேன். கால் சுளுக்கி அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தானாம். மேஸ்திரி அவனையே எல்லோருக்கும் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு விட்டேன். வந்தவர் முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

"என் ஆளுங்கல்லாம் ஒரே குடும்பம் மாரி சிஸ்டர். வாயி ஒண்ணா இருந்தா இன்னா தப்பு?"

முழுசாகப் போடுங்கள்

ஆலை வாசலுக்கு எதிரே பீகாரிலிருந்து வந்த ராம்ஜி பானிபூரி வண்டி போட்டிருக்கிறார். என் வேலையில் பாதியை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். வருஷக்கணக்கில் பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் விறைத்து, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். அவர்களுக்கே அது தெரியாது. ஆனால் பானிபூரிக்குத் தெரிந்துவிடும். வாய் நன்றாகத் திறப்பவர் முழுசாக உள்ளே தள்ளுவார். முடியாதவர் ரெண்டாக உடைத்து, சட்டையெல்லாம் புளித்தண்ணீர் வழிய, துண்டு துண்டாகத் தின்பார். எனவே ஷிப்டு விடும் நேரத்தில் வண்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உடைக்கிறவர்களைப் பிடிப்பேன். "தீதி, நீ பாத்தா கஸ்டமர் பயந்து ஓடுது" என்று ராம்ஜி தினமும் அழுவார். தீதி என்றால் அவர் பாஷையில் அக்கா.

ஒருநாள் டில்லிபாபு தன் ஆட்களோடு வந்தார். பூரியை வாங்கினார். உடைத்தார். நான் எழுந்துபோய், "மேஸ்திரி, ஒண்ணு முழுசா போடுங்க பாக்கலாம்" என்றேன். ஆட்கள் எதிரே சவால் விட்டால் விடுவாரா? போட்டார். பூரி உதட்டிலேயே நின்றது. பிறகு உடைந்து தண்ணீர் பெல்ட் வரைக்கும் இறங்கியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை, ஏழுமலையைத் தவிர. மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடச் சொன்னேன். ரெண்டுதான் போனது. "இரும்பு தூக்கின வெரலு, தடிச்சிப் போச்சி" என்றார். வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் டார்ச் அடித்தேன். அன்றைக்குத்தான் அவர் வாயை முதல்முறையாகப் பார்த்தேன். கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவே சிவப்பு. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பயமாக இருந்தது. சென்னைக்குப் போய்க் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடவே கூடாது என்று சொன்னேன்.

அத்தனை பேரை அதட்டுகிற குரல் கீழே இறங்கிப்போனது.

"காண்ட்ராக்டர் காதுக்குப் போவாம பாத்துக்க சிஸ்டர். தெரிஞ்சா நாளிக்கி என்னியும் கேட்டுலயே நிறுத்திடுவாரு."

ஆள் மாற்றம்

ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை உலையில் அவசர வேலை என்றார். அடுத்த தடவை ஆள் குறைச்சல் என்றார். அதற்கும் அடுத்த தடவை நான் விடியற்காலையிலேயே ஸ்டேஷனில் போய் நின்றேன். ரயில் வந்தது, டில்லிபாபு வரவில்லை. நேரே ஆலை வாசலுக்குப் போனேன். அவரும் ஏழுமலையும் நாஷ்டா தின்றுகொண்டு ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேஸ்திரி முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்த சிஸ்டர். சதைதான கேட்டாங்க? இவன் சும்மாத்தான் கீறான், அனுப்பி வெக்கட்டா?" என்றார். சத்தியமாக விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தச் சிக்கலுக்கும் பதில் ஆள் அனுப்பியே பழகிய மனுஷன். ஏழுமலைதான் இட்லியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னான்.

"நைனா, தொறந்து காட்றதுக்குத்தான் நானு. வெட்றதுக்கு நீயே போ."

ஒரு வாரத்து அமைதி

கடைசியில் தேவகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காண்ட்ராக்டர் ஆபீசுக்கே போய் விஷயத்தைப் போட்டு உடைத்தார். காண்ட்ராக்டர் கேட்டில் நிறுத்தவில்லை. டில்லிபாபு இல்லாமல் அவருக்கு ஆள் திரட்ட முடியாது. சம்பளத்தோடு லீவு கொடுத்து, போகக் காரும் கொடுத்தார். காரில் ஏறப்போன மேஸ்திரியிடம் நான் சும்மா இருக்காமல், "இரும்புத்தூள் அள்றவளுக்கு இது வந்தா கார் வருமா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டேன். யாரென்று சொல்லவில்லை. கேட்ட நேரம் சரியில்லைதான். ஆனால் கோபம் வந்தது, கேட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சதை எடுத்து அனுப்பியாயிற்று. முடிவு வரும்வரை அவர் வேலைக்கும் போகவில்லை, டி.வி.யும் போடவில்லை. முடிவு நல்லபடியாக வந்தது. இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். திட்டை எடுத்துவிட்டார்கள். இனி பாக்கு கூடாது, ஒழுங்காக வந்து காட்ட வேண்டும், வாய் திறப்பதற்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். தேவகி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இந்தாளு வாய மூடினா தேவலன்னு எத்தினி நாளு வேண்டிக்கினேன் சிஸ்டர். ஒரு வாரமா மூடிக்கினு குந்திக்கினாரு. எனுக்குத் தாங்கல."

ஐஸ் குச்சி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பதைக்க விட எனக்கு மனசு வரவில்லை. குட்டியம்மாவின் கட்டி கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, பரவவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, மற்ற வைத்தியம் நடக்கிறது. தலைமுடி கொட்டிவிட்டது. வாய் மட்டும் கூடிவிட்டது. அவளுடைய கேட் பாஸ் டில்லிபாபுவின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போடக் கூடாது என்று காண்ட்ராக்டரிடமே சண்டை போட்டிருக்கிறார்.

அவள் வந்த கதை இதுதான். மறுபடியும் ஆலை வாசலில் மேஜை போட்டோம். மேஸ்திரி பல்லுக்கு நடுவில் ஐஸ் குச்சிகளை அடுக்கிச் செருகிக்கொண்டு நின்றார். அதுதான் அவருக்குச் சொன்ன பயிற்சி. வாய் திறக்கத் திறக்க ஒரு குச்சி கூடும். பேச முடியாததால், ஆட்களைக் கையாலேயே விரட்டி என் மேஜைக்கு அனுப்பினார். எல்லோரும் தயங்கி நின்றார்கள். ஏழுமலைதான் கேட்டான், "யாருக்குனா எதுனா இருந்துச்சினா கேட்டுல நிறுத்துவியா மேஸ்திரி?" அவர் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். "நானே சீக்கு வாயோட உள்ள வந்துக்கினு கீறேன். அப்பால எந்த மூஞ்ச வெச்சிக்கினுடா உன்னிய நிறுத்தறது?" என்றார். வரிசை நகர ஆரம்பித்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்த பிறகு பச்சைத் திரை லேசாக ஆடியது. துடைப்பத்தை வெளியிலேயே சாத்தி வைத்துவிட்டு, குட்டியம்மா தனியாக உள்ளே வந்தாள்.

"பக்கத்து ஊட்டம்மா வந்துக்கீது சிஸ்டர்."

டார்ச், கையுறை, பஞ்சு எல்லாம் கொடுத்து என்னை அனுப்பிவைத்த புண்ணியவான்கள், ஒரு கட்டியைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு மேஸ்திரி பானிபூரியை உடைத்துத் தின்ன வேண்டியிருக்கும் என்பதை மட்டும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை.