ஜீப் மட்டும் குத்தாலம் வந்து சேர்ந்த கதை

தென்காசி வேலாயுதம் அண்ணாச்சி இன்னைக்குக் காலையில போயிட்டாக.

தொண்ணூறு தாண்டின வயசுதான். அவுக மகதான் போன்ல சொன்னா.

எங்க வீட்டுக்காரங்களுக்குக் காது சரியா கேக்காது. ரெண்டு தடவை சத்தமா சொல்ல வேண்டியதாப் போச்சு. கேட்டதும் முதல்ல சிரிச்சாக. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கண்ணைத் துடைச்சாக.

இதைப் படிக்குற ஃபிரண்ட்ஸ்ல பாதிப் பேருக்கு அண்ணாச்சி யாருன்னே தெரியாது. அதனால சொல்லுதேன்.

அறுபதுகள்ல நான் ஆய்க்குடிக்கு வாக்கப்பட்டு வந்தப்ப, எங்க வீட்டுல ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பும் அது பின்னால மாட்டி இழுக்குற ட்ரெய்லரும் நின்னுச்சு. எங்க வீட்டுக்காரங்க ஏலத்துல எடுத்தது. ட்ரெய்லர் மேல ஆசாரியை வச்சு மரத்துல ஒரு சின்ன ரூம் கட்டி, தகரக் கூரை போட்டு, ஜன்னலுக்குத் திரை கூட போட்டிருந்தாக. சக்கரம் வச்ச வீடு!

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இன்னும் சில பேர் இதே மாதிரி வச்சிருந்தாங்க. சாரல் ஆரம்பிச்சா போதும், ஐந்தருவி ரோட்டுல ஒரு தோப்புல எல்லா வண்டியும் கூடிரும்.

காலையில அருவி. மத்தியானம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடுப்புல சமையல். சாயங்காலம் ஆனா ஆம்பளைங்க வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு கிரீஸ், பேரிங், டயர்னு ஒரே பேச்சு.

அந்தக் கூட்டத்தைக் கூட்டினதே வேலாயுதம் அண்ணாச்சிதான். எந்த ரிப்பேரா இருந்தாலும் கையில ஒரு டிப்ஸ் வச்சிருப்பாக.

ஒண்ணுகூட வேலைக்கு ஆகாது.

நான் போன முதல் சீசன்லயே எங்க கூரை ஒழுகுச்சு. புதுப் பொண்ணு நான்... கல்யாணப் புடவை எல்லாம் உள்ள பெட்டியில இருக்கு. "ஆலங்குளம் பஸ் எப்பம்? என்னைய எங்க அம்மா வீட்டுல கொண்டு விட்டுருங்க"ன்னு உட்கார்ந்து அழுதுட்டேன்.

அண்ணாச்சி ஓடி வந்தாக. "ஏ தங்கச்சி, இதுக்கா அழுதே? கருப்பட்டிப் பாகு, சுண்ணாம்பு, முட்டை. மூணையும் கலந்து பூசிட்டா சொட்டுத் தண்ணி இறங்காது. அந்தக் காலத்து அரமனை எல்லாம் இதுலதாம்மா நிக்குது!"

அவுகளே மேல ஏறிப் பூசினாக. மறுநாள் சாரல்ல அத்தனையும் கரைஞ்சு, என் பட்டுப் புடவை மேல பழுப்புப் பழுப்பாச் சொட்டுச்சு. மழை விட்டதும் பார்த்தா கூரை பூரா எறும்பு. குத்தாலத்து எறும்பு ஒண்ணு பாக்கி இல்ல!

அண்ணாச்சி கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "எறும்புக்கு ருசி தெரிஞ்சிருக்கு"ன்னாக.

எனக்கு அழுகையோட அழுகையாச் சிரிப்பு வந்துட்டு. அம்மா வீட்டுக்குப் போகல.

செங்கோட்டைக்காரர் ஒருத்தர் சாக்கைத் தார்ல முக்கி ஒட்டினதும் ஒழுகல் நின்னுது. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்"னு அண்ணாச்சி.

அடுத்த சீசன்லதான் அந்தக் கூத்து.

ஜீப்பையும் ட்ரெய்லரையும் சேர்க்குற இரும்புப் பின்னு கழண்டுராம இருக்க ஒரு சின்னக் கம்பி மாட்டணும். அண்ணாச்சி வண்டியில அது தொலைஞ்சு போச்சு. "கம்பி எதுக்குலே? பனைநார் போட்டுக் கட்டு. நனைய நனைய இறுகும்"னு எங்க வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னாகளாம். அப்படியே கட்டிட்டுத் தென்காசியில இருந்து கிளம்பியாச்சு.

எங்க வண்டி முதல் நாளே தோப்புக்கு வந்துட்டு, நான் அங்கதான் இருந்தேன். அண்ணாச்சிக்குத் துணையா எங்க வீட்டுக்காரங்க அவுக ஜீப்ல பக்கத்துல. ஜீப்ல உட்கார்ந்தா முதுகு வலிக்குன்னு அண்ணாச்சி சம்சாரம் பூரணம் மைனி பின்னால ட்ரெய்லருக்குள்ள படுத்திருந்தாக.

வழி பூரா அண்ணாச்சி அந்தப் பனைநாரோட அருமையைத்தான் சொல்லிக்கிட்டு வந்தாகளாம்.

தோப்புல வந்து ஜீப் நின்னுச்சு. அண்ணாச்சி இறங்கி, "பூரணம், இறங்கு. குத்தாலம் வந்துட்டு"ன்னு சொல்லிக்கிட்டே பின்னால திரும்புனாக.

ட்ரெய்லர் இல்ல.

அண்ணாச்சி ஜீப்பைத் திருப்புனாக, நானும் தொத்தி ஏறிட்டேன். இலஞ்சிக்கிட்ட வர்ற வரைக்கும் "முருகா... முருகா..." அது ஒண்ணுதான் அவுக வாயில.

அங்கன ரோட்டுக்குக் கீழ நடவு வயல். அச்சு வரைக்கும் சேத்துல இறங்கி, சாயாம கொள்ளாம நிக்குது ட்ரெய்லர். வாசல்ல மைனி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்காக. நடவுக்கு வந்த பொம்பளைங்க சுத்தி நின்னு இவுக கொடுத்த முறுக்கைத் தின்னுக்கிட்டு இருக்காங்க.

அண்ணாச்சி செருப்போட வயல்ல இறங்கி ஓடினாக. ரெண்டு தடவை விழுந்தாக. மைனி காலைப் பிடிச்சுக்கிட்டு, "பூரணம்... பூரணம்..."னு தேம்பித் தேம்பி அழுதாக. அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

மைனி அவுகளைப் பார்க்கவே இல்ல. என்னையப் பார்த்து, "அவுகளை முதல்ல நாத்தை மிதிக்காம நிக்கச் சொல்லு"ன்னாக.

அந்த சீசன் முழுக்க அப்படித்தான். "சோறு ஆயிட்டு, சாப்பிடச் சொல்லு." "துண்டு காயுது, எடுத்துக்கச் சொல்லு." எல்லாம் என் மூலமாத்தான். பக்கத்துலயே நின்னுக்கிட்டு "சரி, சாப்பிடுதேன்னு சொல்லு தங்கச்சி"ன்னு அண்ணாச்சியும் எங்கிட்டயே சொல்லுவாக!

கடைசியில மைனியே வீட்டுல இருந்து மாட்டுச் சங்கிலியை எடுத்துட்டு வந்து, ஜீப்புக்கும் ட்ரெய்லருக்கும் சேர்த்து மாட்டச் சொன்னாக. பின்னு கழண்டாலும் வண்டி கழண்டு போகாது. அதுக்கப்புறம் எங்க கூட்டத்துல சங்கிலி இல்லாத வண்டியே கிடையாது.

அதையும் அண்ணாச்சி ஊர் பூரா தன்னோட டிப்ஸ்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. மைனி ஒரு நாளும் மறுத்துப் பேசினது இல்ல.

கொஞ்ச நேரம் முன்னாடி மைனிகிட்டப் பேசினேன். தெளிவாத்தான் பேசினாக. முந்தாநாள் ட்ரிப்ஸ் போட வந்த நர்ஸ் பொண்ணுகிட்ட அண்ணாச்சி, பாட்டிலை எந்தப் பக்கம் தொங்கவிட்டா சீக்கிரம் இறங்கும்னு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாகளாம்.

"அந்தப் பிள்ளையும் நம்பிட்டு"ன்னு சொல்லி மைனி சிரிச்சாக.

நாங்க இப்ப மதுரையில இருக்கோம், மதியம் தென்காசிக்குக் கிளம்புதோம். மைனிகூட கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் திரும்புவேன்.

நல்லபடியா போயிட்டு வாங்க அண்ணாச்சி.