படத்தின் இடது ஓரம்

நோய் முதலில் என் உடம்பில் தெரியவில்லை. நான் எடுத்த படங்களில்தான் தெரிந்தது.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மழை வரும் என்று அறிவித்தால் லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தனியே நாட்டுப்புறம் கிளம்பிவிடுவேன். நனைந்த கல்மதில், பனிப்புகார் மூடிய மேட்டில் செம்மறிகள், இவற்றைப் படமெடுப்பதுதான் என் பைத்தியம். அந்தச் சனிக்கிழமை கொட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்து ஒடுங்கிய பாதைகளில் நாள் முழுக்கக் கார் ஓடினேன். இலேசான தலையிடி இருந்தது. வீடு வந்து பார்த்தால் காரின் இடப்பக்கம் முழுக்கக் கீறல், பக்கக் கண்ணாடியும் உடைந்திருந்தது. படங்களைப் பார்த்த மனைவி சாந்தி சிரித்தாள்.

“என்னப்பா இது? எல்லாத்திலயும் இடப்பக்கம் குப்பைவாளி, கமராப் பட்டி. கண்ணை மூடிக்கொண்டோ எடுத்தனீங்கள்?”

கார் புதிது. ஆகவே இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: நாவூறு, யாரோ கண்வைத்துவிட்டார்கள். அடுத்த வெள்ளி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, சில்லுக்கு ஒன்றாக நாலு தேசிக்காயை (எலுமிச்சை) அடியில் வைத்து, காரை ஏற்றி நசித்தோம். மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய ஒரு கிழமையைத் தேசிக்காய்க்குக் கொடுத்தோம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

திரும்பும் வழியில் சாந்தி “நிப்பாட்டுங்கோ!” என்று அலறினாள். பாதசாரிக் கடவையில், தள்ளுவண்டியோடு ஒரு பெண் இடப்பக்கமிருந்து பாதித் தூரம் வந்துவிட்டிருந்தாள். நான் அவளைக் காணவே இல்லை. காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பின்மூளையில் சிறிய பக்கவாதம் (இரத்தக்குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி சேதமாவது). அதனால் வந்தது ஹெமியனோப்பியா (இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பார்வை இழப்பு). “கண்ணில் பழுதில்லை. தெரியாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் குறை உங்களுக்கே தெரியவில்லை” என்றார் மருத்துவர். இனிக் காரோட்டக் கூடாது, லைசன்ஸ் அலுவலகத்துக்கு நீங்களே அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து மைத்துனன் போன் எடுத்தான். “அத்தான், நீங்களாப் போய்ச் சொல்லாதேங்கோ. பறிச்சாத் திருப்பி எடுக்கேலாது.”

அதைக் கேட்கத்தான் நானும் காத்திருந்தேன். லைசன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம் பத்து நாள் மேசையில் கிடந்தது. கார் இல்லாத வாழ்க்கையை நினைக்கவே முடியவில்லை. குட்டி போட்ட பூனைபோல அறைக்கு அறை நடந்தேன். பொழுது போகாமல் அந்தப் பயணத்துப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறுத்திய காருக்குள் இருந்து முன்கண்ணாடி வழியே எடுத்த ஒன்றில், இடது ஓரத்தில், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட முதியவர் ஒருவர் வேலியோடு ஒட்டி நின்று கையை உயர்த்திக்கொண்டிருந்தார். படத்தை எடுத்த கையோடு காரைக் கிளப்பி அவரைக் கடந்து போயிருக்கிறேன். அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அன்றே படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டேன்.

பல மாதம் கழித்துப் பார்வைப் புலப் பரிசோதனை (பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) நடந்தது. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். இடப்பக்கப் புள்ளிகள் எனக்கு வரவே இல்லை. லைசன்ஸ் போனது போனதுதான். வெளியே வந்து, வாசலில் நின்று அழுதேன்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், தலையைத் திருப்பப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். அலுப்பான வேலை. என் அவசரம் இன்னும் போகவில்லை. ஆனால் உலகத்தின் பாதி எனக்கு ஒரு கணம் பிந்தித்தான் வருகிறது.

சாந்தி இப்போதெல்லாம் என் வலப்பக்கமாகவே நடப்பாள். போன கிழமை மழைக்குள் கடைத்தெருவில் நடந்தபோது, “இடப்பக்கம் வா” என்றேன்.

“ஏனப்பா? அங்க வந்தா உங்களுக்கு என்னைத் தெரியாதெல்லே?”

“ஓம். திரும்பிப் பாக்கிறன்.”

அவள் மாறி நடந்தாள், காணாமல் போனாள். கழுத்தைத் திருப்பினேன். நனைந்த முகத்தோடு என்னையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.