புல்வெளியில் ஒரு சாண் குழி

மகளுக்குத் தன் கலியாணத்தை ஒரு மாளிகைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்வதற்காகவே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் இருக்கும் அந்த ஆங்கிலேய மாளிகையை அவளோடு பார்க்கப் போனேன்.

எவனோ ஒரு வியாபாரி, தன் நாட்டுப் பிரபுக்கள் கட்டியதைப் பார்த்து, பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்கு வந்து கட்டியது. உள்ளே ஒரு ஊரே இருந்து சாப்பிடக்கூடிய மேசை. கதிரையில் யாரும் குந்திவிடாதபடி சுற்றிக் கயிறு. சுவர் முழுக்கச் செத்த மான்களின் தலைகள். அந்தாள் படுத்த கட்டிலை எட்டிப் பார்க்கச் சனம் வரிசையில் நிற்கிறது, வெட்கங்கெட்ட சனம். நானும் நின்றேன்.

தோட்டம் அதைவிட மோசம். மேட்டை வெட்டிச் சரித்து, குளம் தோண்டி, மரங்களைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டு, எல்லாம் இயற்கையாக இருக்கிறதாம். ஒரு மூலையில் இடிந்த கோபுரம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இடிந்தபடியே கட்டினார்களாம். போரில் செல்லடிபட்டு இடிந்த வீட்டை விட்டு ஓடிவந்தவனுக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்?

“வடிவா இருக்கெல்லே அப்பா?” என்றாள் மகள்.

“உனக்கு வெள்ளைக்காரப் பவுசு கேக்குது,” என்றேன்.

அவள் போய், தோட்டத்துக்குப் பொறுப்பான பெண்ணிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கையை விரித்தாள்.

“என்னவாம்?”

“கன்னிக்கால் நடலாமோ எண்டு கேட்டனான். புல்லில கை வைக்க ஏலாதாம்.”

கலியாணத்துக்கு முன் ஒரு மரக்கொப்பை நிலத்தில் ஊன்றுவது எங்கள் வழக்கம். ரொக்ஸ்பரோவில் நாங்கள் இருப்பதோ மூன்றாம் மாடி.

“வாளிக்குள்ள மண் போட்டுக் கன்னிக்கால் நடுகினம் எண்டு ஒவ்வொரு கலியாணத்திலயும் நீங்கள்தானே நக்கலடிச்சனீங்கள். அதுதான் நிலம் உள்ள இடமாப் பாத்தனான்.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நேரே அந்தப் பெண்ணிடம் போனேன். இத்தனை வருடமாகியும் திருந்தாத என் பிரெஞ்சில் ஒரு சாண் குழி கேட்டேன். விரலை விரித்து அளந்து காட்டினேன். பிறகு நானே மூடிவிடுகிறேன் என்றேன். ‘சில் வூ ப்ளே’ என்று மூன்று தரம் கெஞ்சினேன். அது மாளிகை கட்டிய காலத்துப் புல், மன்னிக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கோ அப்பா. வேற இடம் பாப்பம்.”

நான் அசையவில்லை. மறுபடியும் கேட்டேன்.