மாலை போட்டிருந்த மூன்று மாதம்

பம்பாயிலிருந்து வந்து படுத்த காய்ச்சல் விட்டும் என் கணவரின் முகம் தெளியவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்க அவர் பம்பாய் போய்வருவார். அந்த முறை அங்கே ஒரு பெண்ணிடம் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எய்ட்ஸ் விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அதற்குள் நாங்கள் சேர்ந்தும் இருந்துவிட்டோம்.

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

உள்ளூர் டாக்டரிடம் போனால் மாமியார் காதுக்கு எட்டிவிடும். ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். அங்கே ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் ‘இல்லை’ என்று வந்தது. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“இப்பவே நிம்மதியாயிராதீங்க. இந்த டெஸ்ட் கிருமியத் தேடாது. அத எதுத்து ஒடம்பு உண்டாக்குற பொருளத்தான் தேடும். அது உண்டாக நாளாகும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் சேராதீங்க, சேந்தா உறை போடணும். ரத்தம் குடுக்கக் கூடாது, பிளேடு தனி.”

“தட்டு, டம்ளர்?” என்று கேட்டேன்.

“அதுல ஒட்டாது. சேந்தே சாப்பிடுங்க.”

இதைச் சாளரக் காலம் (தொற்று இருந்தாலும் பரிசோதனையில் தெரியாத இடைவெளி) என்கிறார்கள். இன்றைய பரிசோதனைகள் இன்னும் சீக்கிரம் சொல்லிவிடும். மூன்று நாளுக்குள் போனால் தடுப்பு மருந்தும் உண்டு. தயங்காமல் போங்கள். அன்று எங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சின்ன வீட்டில் விலகிப் படுக்கக் காரணம் வேண்டும். கார்த்திகை பிறந்ததும் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். தனிப் பாய், தனித் தட்டு, தாடி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விரத வழக்கப்படி நானும் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன், வாய் கசந்தது.

ஒரு நாள் மாமியார் மகனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இவர் காலை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ‘நல்லா வேணும்’ என்றும் இருந்தது.

அந்த மாதம் எனக்கு விலக்கானது.

“ஏட்டி, வீட்ல சாமி இருக்கு. தீட்டோட உள்ள வராத, பொறவாசல்லயே இரு” என்றார் மாமியார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. பம்பாய் போனவர் உள்ளே சாமி. நான் வெளியே, தீட்டு.

தையில் மற்ற சாமிகள் மலைக்குப் போய் மாலையைக் கழற்றிவிட்டார்கள். இவர் மாசியில் நடை திறக்கும்போது போவதாகச் சொன்னார். “எம்புட்டு பக்தி” என்று தெருவே மெச்சியது.

மாசியில் மறுபடி பரிசோதனை. இரண்டு பேருக்கும் இல்லை. “இனி பயமில்ல” என்றார் டாக்டரம்மா. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், தூக்கம்தான் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாயாமல் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கினேன்.

அவர் மலைக்குப் போய் மாலையைக் கழற்றிவிட்டு வந்தார். என்னால் அப்படிக் கழற்ற முடியவில்லை. கை பட்டாலே உடம்பு இறுகியது. அந்த மூன்று மாதம் எனக்குள் வெகுநாள் முடியாமல் கிடந்தது.

அடுத்த விலக்கின்போது நேரே அடுக்களைக்குப் போய் உலை வைத்தேன்.

“ஏட்டி, தீட்டோட உள்ள வந்துட்டியே?”

“என் ரத்தத்த ரெண்டு தடவ பாத்தாச்சு அத்தை. அதுல ஒண்ணுமில்ல.”

அத்தைக்குப் புரியவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் தலையைத் தூக்கவில்லை. நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.