பேனாவை மூடிய கவுன்சிலர்

எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் வாயில் எதுவும் வைக்காமல் போனால் அம்மாவுக்கு அது அவமானம். அந்த அவமானத்தைச் செய்தவர் ஒரு கவுன்சிலர். யூதப் பெண்மணி, வசதியான வீட்டுக்காரி. எங்களைப் போன்ற அகதிகளுக்குத் தன் சொந்தக் காசில் வக்கீல் பிடித்துக் கொடுப்பவர். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் படியேறி வந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பா கையெழுத்து வைக்கப் போயிருந்தார். அகதி வழக்கில் தோற்றவர்கள் வாராவாரம் போய் வைக்க வேண்டிய கையெழுத்து அது. சிலரை அங்கேயே பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை மேல்முறையீடு. ஊரில் நடந்ததை அப்பாவின் வாயாலேயே கேட்டு எழுத அவர் வந்திருந்தார். அப்பாவையோ காணோம்.

அம்மா வடை சுட்டாள், தேத்தண்ணீர் வைத்தாள். அவர் தொடவில்லை. யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி மாதம், நாலு மணிக்கே இருட்டு. அம்மா சாமி விளக்கை ஏற்றியபோது எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் அருகில் நின்றார். பிறகு பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார்.

"அவவுக்கு எங்கட வீட்டில இருக்க விருப்பமில்லை" என்றாள் மொழிபெயர்க்க வந்திருந்த சித்தி.

அப்பா வந்து சேர்ந்தார். "சும்மா இருத்தி வைச்சிருந்திட்டு விட்டவங்கள்" என்றபடி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல, சித்தி ஆங்கிலத்தில் சொன்னாள். கவுன்சிலர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சொல்லும் எழுதவில்லை.

"எழுதேல்லைப் பாருங்கோ. எங்களைக் கைவிட்டிட்டா" என்றாள் அம்மா.

"சும்மா இரும்" என்றார் அப்பா. அவருக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

கவுன்சிலர் கைப்பையை எங்கள் மேசையிலும் காரை வாசலிலும் விட்டுவிட்டுத் தூறலில் நடந்தே போனார். காரில் ஏதோ கோளாறு என்று சித்தப்பா இறங்கிப்போய் டயர்களை உதைத்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. அம்மா அழுதாள். எனக்கு அந்த மனுஷியின் மேல் அப்படியொரு கோபம்.

சனி இரவு வந்து கைப்பையையும் காரையும் எடுத்துப் போனார். ஞாயிறன்று அப்பா சொன்னதையெல்லாம் வக்கீலிடம் ஒன்று விடாமல் சொல்லி எழுதவைத்தாராம். வழக்கு வென்றது. அம்மா மட்டும் கடைசிவரை, "நல்ல மனுஷிதான், ஆனா பெருமை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது என்னோடு வேலை செய்யும் யூதப் பெண் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் அவசரமாக வீட்டுக்கு ஓடுவாள். அவள் சொல்லித்தான் தெரியும். வெள்ளி பொழுது பட்டால் சனி இரவு வரை அவர்கள் எழுதக்கூடாது, காரில் ஏறக்கூடாது, போன் தொடக்கூடாது, வெளியே பை தூக்கக்கூடாது. வெளிவீட்டுச் சமையல் எந்த நாளும் ஆகாது. அந்த நாளுக்கான விளக்கைப் பொழுது படுமுன்பே ஏற்றிவிட வேண்டும்.

கவுன்சிலருக்கு என் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று சித்தி சொன்னதுண்டு. அன்று நாங்கள் அப்பா திரும்பிய நிம்மதியில் படுத்துத் தூங்கிவிட்டோம். லண்டனின் இன்னொரு மூலையில் அந்தப் பிள்ளைகள் அம்மாவைக் காணாமல் இருந்திருப்பார்கள். போன் எடுத்துக் கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை.