சுவிட்சில் கட்டிய துண்டு

“இன்னைக்காவது கேப்பீங்களா? துணைக்கு ஒரு ஆள் வேணும்னு.”

“கேட்டா ஆபீஸ்ல என்ன சொல்லுவாவ? பயந்தாங்கொள்ளி, வீட்லயே இருன்னுருவாவ.”

“சொல்லட்டுமே. எனக்கு வயித்துல ஏழு மாசம் ஆச்சு. வாயத் தொறந்து கேக்க இம்புட்டு வெக்கமா?”

காலையில் மனைவி செல்வமாரி கேட்டது, விளாத்திகுளம் சாலையில் பைக் ஓட்டும்போதும் சோலைராஜின் காதை விட்டுப் போகவில்லை. அன்று அவனுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் அவனையே கேட்கலாம். இத்தனைக்கும் அது இரவுகூட இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.

செல்போன் டவர்களின் ரெக்டிஃபயர் பெட்டிகளைப் பராமரிப்பது அவன் வேலை. சேர்ந்து எட்டு மாதம். டவருக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி அது. உள்ளே உருவிச் செருகும்படி நான்கு மாட்யூல்கள். புது வகை, லோடு குறைந்தால் கரண்டை வீணாக்காமல் ஒன்றிரண்டு தானாகத் தூங்கிவிடும். இந்த டவரில் மட்டும் மூன்றாவது மாட்யூல் தூங்கினால் எழுவதில்லை. அவன் வந்து நின்றால் ஒழுங்காக ஓடும். திரும்பி எட்டயபுரம் தாண்டுவதற்குள் மறுபடி போன் வரும். இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. எரிச்சல் தலைக்கேறி, புது மாட்யூலோடு வந்திருந்தான்.

12.40. பெட்டி இருந்த அறைக்கு வெளியே மெயின் சுவிட்சை இறக்கினான். டவர் பேட்டரியில் ஓடியது. உள்ளே போய்ப் பழையதை உருவினான். புதியதைச் செருகினான்.

12.52. சுவிட்சைப் போட வெளியே வந்தான். கைப்பிடியில் ஒரு துண்டு கட்டியிருந்தது. பச்சைக் கரை. வேர்வையில் நனைந்திருந்தது.

சுற்றிலும் பருத்திச் செடி பிடுங்கிய கரிசல் காடு. கண்ணுக்கு எட்டியவரை ஆளில்லை. வேலிக் கேட்டை உள்பக்கம் பூட்டியது அவன்தான்.

“எவம்லே அது, வேலை நேரத்துல வெளையாடுதது?”

அவிழ்த்து எறிந்தான். அப்போது உள்ளே... டொக். டொக்.

ஓடிப் பார்த்தான். யாருமில்லை. செருகிய மாட்யூல் தரையில் இருந்தது. தொட்டான். சுட்டது. கரண்டே கொடுக்கவில்லையே...

மறுபடி செருகினான். வெளியே வந்தான்.

12.58.

துண்டு கட்டியிருந்தது. இப்போது இரண்டு முடிச்சு.

உள்ளே யாரோ இருமினார்கள்...

போன் அடித்தது. சூப்பர்வைசர் செல்வக்குமார்.

“ஏலே, பேட்டரி எறங்குது. ஒரு சுவிட்சைப் போட இம்புட்டு நேரமா?”

“அண்ணாச்சி... சுவிட்சுல யாரோ துண்டைக் கட்டுதாவ. அவுத்துப் போட்டாலும் திரும்பக் கட்டியிருக்கு.”



“பச்சைக் கரையா?”

“ஆமா.”

“தொடாத. வெளிய வந்துரு.” குரல் இறங்கிவிட்டது. “உனக்கு முன்னால வேல்ராஜ்னு ஒருத்தன் அங்கன வேலை பாத்தான். தான் உள்ள கை வைக்கும்போது யாரும் கரண்டப் போட்டுறக் கூடாதுன்னு, சுவிட்சுல துண்டைக் கட்டிட்டுப் போவான். அன்னைக்கு ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த வந்தவனுக்கு அது தெரியல. அழுக்குத் துண்டுன்னு அவுத்துப் போட்டுட்டு, சுவிட்சத் தூக்கிட்டான்.”

சோலைராஜ் சுவிட்சை விட்டுப் பின்வாங்கினான்.

“அந்தத் துண்டை அவம் மேல போத்தித்தாம்லே எரிச்சோம்.”

காற்றே இல்லை. துண்டின் நுனி ஆடியது.

“அண்ணாச்சி...” மாதக்கணக்காகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. “எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்.”