சானடோரியத்தில் இறங்கிய அக்கா

முதலில் என் கண்ணில் பட்டது ஓர் எவர்சில்வர் டம்ளர். எண்பதுகளின் கடைசியில், ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள், எழும்பூர்ப் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்தில் காபி வந்தபோது, டைப்பிஸ்ட் அக்கா கைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். "எனக்கு இதுல ஊத்துப்பா. சர்க்கரை வேணாம்." பத்து வருஷமாக எல்லோருக்கும் வரும் கண்ணாடி கிளாஸில், இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு குடித்தவர் அவர். புது வருஷத்திலிருந்து நல்ல பழக்கம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்காரர் கால் மணி முன்னால் வந்தாலே ஏன் என்று யோசிக்கிற பிறவி நான்.

டம்ளரோடு நிற்கவில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் பாட்டிலில் வந்தது. மத்தியானத்துக்கு அவித்த முட்டை வந்தது. ஏதோ வாரப் பத்திரிகையில் வந்த புத்தாண்டுக் குறிப்புகளைக் கத்தரித்து வைத்திருக்கிறாராம், அதன்படி செய்கிறாராம். நானும்தான் வருஷா வருஷம் டைரியின் முதல் பக்கத்தில் என்னென்னவோ எழுதுகிறேன், பொங்கலுக்குள் அதன்மேலேயே பால் கணக்கும் எழுதிவிடுகிறேன். பத்திரிகையில் போட்டதை பிப்ரவரியிலும் விடாமல் செய்கிற ஒருத்தியை எப்படி நம்புவது?

எல்லாவற்றையும்விட, அந்த ரயில் விஷயம். சாயங்காலம் லேடீஸ் கம்பார்ட்மென்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வருவோம். ஒரே முறுக்குப் பொட்டலத்தில் நான்கு கை நுழையும். நால்வரும் தாம்பரத்தில் இறங்குகிறவர்கள். அந்த ஜனவரியிலிருந்து அக்கா மட்டும் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, சானடோரியத்தில் இறங்க ஆரம்பித்தார். "இங்கேந்து வீட்டுக்கு நடந்தே போயிடுவேன்" என்றார். அந்த நாளில் பஸ் வராவிட்டால்தான் நாங்கள் நடப்போம். உடம்புக்காக நடப்பதெல்லாம் கேள்விப்படாத சங்கதி. அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். பக்கத்தில் இருந்தது காசநோய் ஆஸ்பத்திரி.

தனி டம்ளர், முட்டை, சுடுதண்ணீர், சானடோரியம். போதாததற்கு ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். நான் யாரிடமும் அக்காவுக்கு டி.பி. என்று சொல்லவில்லை. "அக்கா ரொம்ப இளைச்சுட்டாங்க இல்ல?" என்று மட்டும் மற்ற இரண்டு பேரிடம் கேட்டேன். மறுநாளிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை நீட்டினால் வயிறு சரியில்லை என்று மூன்று பேரும் சொன்னோம்.

அக்காவின் ஒரே பெண்ணுக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. விசாரிப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்.

"கூட வேலை பாக்குறீங்க. உடம்பு கிடம்பு எல்லாம் எப்படிங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தினம் சாயங்காலம் சானடோரியத்துல இறங்குறாங்க, அவ்வளவுதான்."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்தே நாளில் ஜாதகம் திரும்பி வந்துவிட்டது.

அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். என் சந்தேகம் சரியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? சரியாக இருந்தால் நான் பாவியில்லையே. அன்று சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் நானும் சானடோரியத்தில் இறங்கி, ஐம்பதடி தள்ளிப் பின்னால் நடந்தேன். ஆஸ்பத்திரி கேட்டை அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை வீசி ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக நடந்தார். வழியில் கொய்யாப்பழம் வாங்கத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னடி, வேவு பாக்குறியா?"

நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா கொய்யாப்பழத்துக்குக் காசு கொடுத்தார். பிறகு, "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். மாப்பிள்ளையின் அம்மா உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்கதான் அனுப்பிச்சாங்களா?" அனுப்பியது அக்காதான். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் வாய் அடைத்துப்போனதைப் பார்த்து, அந்த அம்மாளும் என்னைப்போலவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அரைகுறையாகச் சொன்னதை உடனே நம்பியவர், முழுசாகச் சொன்னதை நம்பவில்லை.

இன்று தாம்பரத்தில் விடிந்தால் ஷூ போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. அன்று அத்தனைக்குப் பிறகும் அக்கா நடையை நிறுத்தவில்லை. நான் ஊரப்பாக்கம் போய் வந்த மறுநாளும் சானடோரியம் வந்ததும் எழுந்தார். பரிகாரம் என்று நினைத்தேனோ என்னவோ, நானும் பையை எடுத்துக்கொண்டு கூடவே எழுந்தேன்.

அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ இறங்காதே. உனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவர் இறங்கி நடந்தார். நான் தாம்பரம் வரைக்கும் உட்கார்ந்தே போனேன்.